ஒன்று ஐம்பத்தைந்துக்குப் போன பச்சை டிக்

தம்பிகளா, தங்கச்சிகளா,

மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். "சார், நீங்க ரிட்டயர் ஆயிப் போனாலும் உங்க பேரு இங்க ஓடிக்கினுதான் இருக்குது. என்னென்ன ஆப் வெச்சு அத்தன வேலையும் ஒரே ஆளா சமாளிச்சீங்க? லிஸ்ட் அனுப்புங்க சார்." படித்ததும் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் காரணம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லிஸ்ட். கேட்டதைக் கொடுக்காமல் கிழவன் கதை அளக்கிறான் என்று நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

காலண்டர். நம் ஓசூரில் போன் காலண்டர் இல்லாமல் ஷிஃப்ட் போடுகிறவன் தொலைந்தான். அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்து ஆட்கள் யுகாதிக்கு வரமாட்டார்கள். மதுரை, திருநெல்வேலிக்காரர்களைப் பொங்கலுக்கு நாலு நாள் முன்னாலிருந்தே காணோம். எலத்தகிரி ஆட்களுக்கு ஈஸ்டர். தேர்த்திருவிழாவுக்கு ஓசூர்க்காரனே கிடையாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து வையுங்கள். மாசத்தைத் திறந்தால் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று பளிச்சென்று தெரியும்.

அடுத்தது குரலைக் கேட்டு எழுதும் வசதி. கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது போனில் எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளும். ஒரே மொழியில் பேச வேண்டும், அவ்வளவுதான். நம்மைப் போல ஒரு வாக்கியத்தில் நாலு மொழி பேசினால் அது திணறும்.

பழைய மேனுவல்களை எல்லாம் ஸ்கேன் ஆப்பில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த வேலை என்பதைப் பகிர்ந்த ஷீட்டில் போடுங்கள். எல்லாரும் அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்வார்கள். மறக்கக் கூடாததை நினைவூட்டலில் வையுங்கள். லிஸ்ட் முடிந்தது.

இன்னொன்று இருக்கிறது. அதை லிஸ்டில் சேர்க்கவில்லை. குறித்த நேரத்துக்குச் செய்தி தானாகப் போகிறபடி வைக்கிற வசதி. அதைப் பற்றி எழுதுவது இன்றைக்கும் எனக்கு லேசில்லை. நம்புங்கள், கொஞ்ச நேரம் முன்னால்கூட ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

ஷாட் பிளாஸ்டிங் மிஷினை இதற்குள் பார்த்திருப்பீர்கள். இரும்பு அறை. உள்ளே வார்ப்புச் சாமான்களைத் தொங்கவிட்டு, சக்கரம் சுற்றி, இரும்புக் குருணையை அவற்றின் மேல் விசிறியடிக்கும். துருவும் மண்ணும் பறந்துபோகும். இரும்பையே வழித்தெடுக்கிற வேகம். உள்ளே ஒரு மனுஷன் இருக்கும்போது அதை ஓட்டினால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

லஞ்ச் நேரத்தில் அதற்குள் ஆள் போவது வழக்கம். சிந்திய குருணையைப் பெருக்க, தேய்ந்த தகட்டை மாற்ற. முன்பக்கம் ஆப்பரேட்டர் நிற்கிற இடம். உள்ளே போகிற சின்னக் கதவு பின்பக்கம். முன்னால் நிற்கிறவருக்குப் பின்கதவு தெரியாது. அதனால் எங்கள் காலத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். இரண்டு மணிக்கு மிஷின் ஓடுமுன் இன்சார்ஜ் பின்னால் போய், ஸ்பேனரால் கதவில் மூன்று தட்டு தட்டி, தலையை உள்ளே விட்டு கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று மொழியிலும் கத்த வேண்டும். "ஒளகே யாராத்ரூ இத்தீரா? லோபல எவரைனா உன்னாரா? உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" நம் ஊரில் எவன் எந்த மொழிக்காரன் என்று முகத்தைப் பார்த்தா தெரிகிறது? அதற்காக மூன்றும். பதில் வராவிட்டால் ஓட்டலாம்.

பிறகு போன் வந்தது, குரூப் வந்தது. கத்தி முடித்து, குரூப்பில் ஒரு பச்சை டிக் போடுவேன். உள்ளே யாருமில்லை, ஓட்டலாம் என்று அர்த்தம். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

தினமும் போய்க் கத்துகிறேன், தினமும் காலி. ஒரு மாசம், இரண்டு மாசம். ஒரு நாள் ஆபீஸில் வேறு தலைவலி. அந்த டிக்கை ஒன்று ஐம்பத்தைந்துக்குத் தானாகப் போகிறபடி வைத்தேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்ததுதான், சத்தியமாக! முதல் வாரம் நானும் போய்ப் பார்த்தேன், டிக்கும் போனது. அடுத்த வாரம் இரண்டு நாள் போகவில்லை, டிக் போனது. அதற்கடுத்த வாரம் டிக் மட்டும்தான் போனது. ஒருத்தரும் கேட்கவில்லை. நான் சாமர்த்தியசாலி என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். பின்கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருந்தால் மிஷின் ஓடாது. அந்த சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது. புதுசு வாங்கும்வரை உற்பத்தி நிற்கக் கூடாதென்று இரண்டு ஒயரையும் சேர்த்துக் கட்டி, கதவு திறந்திருந்தாலும் ஓடுகிறபடி செய்துவைத்தேன். நானேதான் செய்தேன். நினைவூட்டலில் 'கதவு சுவிட்ச் வாங்கணும்' என்று போட்டேன். தினமும் காலையில் அது கத்தும். தினமும் 'நாளைக்கு' என்ற பட்டனை அமுக்குவேன். பதினொரு நாள் அமுக்கினேன்.

பன்னிரண்டாவது நாள் லீவு. என் மனைவி வழியில் ஒரு கல்யாணம், கல்லாவியில். முந்தின ராத்திரி படுத்தபடியே ஷீட்டில் மறுநாள் வேலைகளைப் பிரித்துப் போட்டேன். அதில் ஒரு வரி: சகாயம், பிளாஸ்டிங் பின்பக்கத் தகடு, லஞ்ச் நேரம். சகாயம் நம் ஃபிட்டர். எலத்தகிரிக்காரர், இரண்டு பெண் குழந்தைகள், வேலையில் தங்கம். பஸ்ஸில் ஏறியதும் என் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். "பாத்தியா, நான் இங்க இருக்கேன், என் வேல அங்க நடக்குது." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இத்தினி வருசமா எதுக்கு ஞாயித்துக்கெழம கூட ஓடிப் போனீங்க?" என்றாள்.

பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் முடிந்து ரசத்துக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் மச்சினன். அவனிடமும் இதே பெருமைதான் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. மஞ்சுளா. பிளாஸ்டிங் ஆப்பரேட்டர், அத்திப்பள்ளிப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள்.

"சார், ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆச்சா என்று கேட்காமல் அவள் எந்தப் பேச்சையும் தொடங்கமாட்டாள்.

"ஆவுதும்மா, பந்தியில இருக்கேன். சொல்லு."

"நீங்க லீவு அல்வா சார்? குரூப்ல உங்க டிக் வந்திருக்குது. யாரு போயி பாத்தாங்க?"

லீவுதானே என்கிறாள். லீவு போட்ட நான், தானாகப் போகிற டிக்கை நிறுத்த மறந்திருக்கிறேன்! நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஓட்டாதே. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று மாவட்டத்துச் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், மச்சினன் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். நான் பார்க்கவில்லை, என் போன்தான் போட்டது என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? என் வாய் தானாகச் சொன்னது:

"பாத்தாச்சும்மா. ஓட்டு."

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

"யாரு சார் பாத்தாங்க?" என்று மறுபடி கேட்டாள். கோபம் வந்தது எனக்கு. மானங்கெட்ட கோபம். "பாத்தாச்சுன்னு சொல்றேன்ல? அதுக்கு மேல என்ன?"

"சரிங்க சார். போன் கட் பண்ணாதீங்க. நான் ஒந்து சல பாத்துட்டு வந்துடறேன்."

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். போன் காதில் இருக்கிறது. அவள் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு டங், டங், டங். மூன்று தட்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவள் குரல், என் போனே அதிர்கிற மாதிரி: "ஒளகே யாராத்ரூ இத்தீரா? லோபல எவரைனா உன்னாரா? உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேம்மா! இன்னும் ரெண்டு போல்ட்டு இருக்குது! அஞ்சு நிமிசம் இரு!"

சகாயத்தின் குரல். இரும்பு அறைக்குள்ளிருந்து கிண்ணென்று வந்தது.

"அய்யோ தேவ்ரே!" என்று அவள் கத்தினாள். அத்தோடு போன் கீழே விழுந்த சத்தம்.

என் இலையில் யாரோ ரசம் ஊற்றினார்கள். அது இலையைத் தாண்டி வேட்டியில் வழிந்தது. சுட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது. எதிர்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்து வந்து தோளை உலுக்கினாள். "என்னாச்சுங்க? யாருக்கு என்ன? மொகமெல்லாம் ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு?" ஷீட்டில் நான் போட்ட வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரை உள்ளே அனுப்பியது நான். கதவு சுவிட்சைக் கட்டிவைத்தது நான். உள்ளே யாருமில்லை என்று சொன்னது நான். ஓட்டு என்றதும் நான். அத்தனையும் நான் கல்லாவியில் உட்கார்ந்துகொண்டே!

சகாயம் ஏன் மெயின் சுவிட்சைப் பூட்டிவிட்டுப் போகவில்லை என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கதவு திறந்திருந்தால் மிஷின் ஓடாது என்று நம்பிப் போனார். பூட்டாதது அவர் தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுவிட்ச் செத்துப் பதினொரு நாள் ஆகிவிட்டது என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். என் போனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு மேல் என்ன அதிர்ச்சி இருக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை மீட்டிங்கைக் கேளுங்கள்.

எல்லாரும் வட்டமாக நிற்கிறோம். பிளாண்ட் மேனேஜர் நடுவில் வந்து நின்றார். முந்தின நாளே மஞ்சுளாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். "சாருக்கு போன் பண்ணேன், அப்புறம் போயி பாத்தேன், அண்ணன் உள்ள இருந்தாரு" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் ஓட்டச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மேனேஜர் அதைத் தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"லீவுல இருக்காரு, கல்யாணப் பந்தியில இருக்காரு. அங்கிருந்தும் போன்ல 'போயி பாரும்மா'ன்னு சொல்லி ஒரு உசுரக் காப்பாத்தியிருக்காரு. இதுதான்யா பொறுப்பு! எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

தட்டினார்கள். இருபத்தைந்து முப்பது பேர் தட்டினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. மஞ்சுளா வட்டத்தின் அந்தப் பக்கம் நின்றாள். அவளும் தட்டினாள், மெதுவாக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் இப்போது பேசுவேன் என்று அவள் காத்திருந்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் பேசவில்லை. தலையை ஆட்டி ஒரு கும்பிடு வேறு போட்டேன். எனக்குள் இப்படி ஒருத்தன் இருக்கிறான் என்று ஐம்பத்தேழு வயதுவரை எனக்கே தெரியாது.

பத்து மணி டீக்கு கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். சகாயம் தன் டம்ளரையும் எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் கறாராகப் பேசுகிற மனுஷன், கண் கலங்கியிருந்தது.

"மேனேஜரு நேத்தே சொன்னாரு சார், ஊட்ல போயி விசயத்த சொன்னேன். எம் பொண்டாட்டி அப்பிடியே உக்காந்துட்டா. ஞாயித்துக்கெழம கோயில்ல உங்க பேருக்குப் பூசை வெக்கணும்னு சொல்லிக்கினு இருக்கா. எங்க ரெண்டு புள்ளைங்களும் உங்களப் பாக்கணுங்குதுங்க."

என் பேருக்குப் பூசை! டம்ளரை வைத்துவிட்டுக் கையை உருவிக்கொண்டேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

"சகாயம், பூசை கீசை வெச்சுடாதீங்க. நான் பாக்கச் சொல்லல. ஓட்டச் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். தானாகப் போகிற டிக், கட்டிவைத்த ஒயர், பதினொரு நாள், 'பாத்தாச்சும்மா, ஓட்டு'. அவள் இரண்டாவது தடவை கேட்டபோது எரிந்து விழுந்தது உட்பட. எதையும் விடவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திட்டுவார், டீயை முகத்தில் ஊற்றுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்விட்டார். டீ அப்படியே இருந்தது.

நேராக மஞ்சுளாவிடம் போனேன். "வாம்மா, மேனேஜர் ரூமுக்குப் போலாம்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட வந்தாள். படியேறும்போது நான்தான் கேட்டேன்.

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன் சார்" என்றாள்.

மேனேஜர் கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன பேரு கை தட்டினோமேய்யா" என்று மட்டும் சொன்னார். மெமோ வந்தது. வர வேண்டியதுதான். அடுத்த நாள் அதே வட்டத்தில் நின்று எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கை தட்ட யாரும் இல்லை. பின்கதவுக்குப் புது சுவிட்ச் எப்போது வந்தது தெரியுமா? மேனேஜர் ரூமிலிருந்து இறங்கிய அன்றே, மதியத்துக்குள். சிப்காட்டிலேயே ஒரு கடையில் இருந்தது. போய் வர அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் பதினொரு நாள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். ஞாபகப்படுத்துகிற வேலையைப் போனுக்குக் கொடுங்கள், எழுதுகிற வேலையைக் கொடுங்கள், கணக்குப் போடுகிற வேலையைக் கொடுங்கள். பார்த்தேன் என்று சொல்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். அதைப் பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி இரண்டாவது தடவை கேள்வி கேட்டால் எரிந்து விழாதீர்கள். மஞ்சுளா இன்றைக்கு உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஒரு வேலையைப் பற்றி அவள் உங்களிடம் மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்.

சகாயம் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. வேலையை ஷீட்டில் போட்டால் செய்வார், முடித்ததும் முடிந்தது என்று போடுவார். எதிரில் வந்தால் ஒதுங்கிப் போய்விடுவார். எட்டாவது நாள், ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் என் மேஜைக்கு வந்து நின்றார். போனை எடுத்துக் குரூப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான் கல்யாணத்துக்குப் போன தேதி. ஒன்று ஐம்பத்தைந்து. என் பெயர். பச்சை டிக்.

"உள்ள மல்லாந்து படுத்துக்கினு போல்ட்டு முடுக்கிக்கினு இருந்தேன் சார். பாக்கெட்ல போன் அதிந்துச்சு. ரெண்டு கையிலயும் ஸ்பேனரு, எடுக்கல. கேண்டீன்ல நீங்க சொன்ன அப்புறந்தான் எடுத்துப் பாத்தேன். இதுதான் அது."

உள்ளே யாருமில்லை என்று நான் அனுப்பிய செய்தி, உள்ளே படுத்திருந்தவரின் சட்டைப் பையில் போய் இறங்கியிருக்கிறது.

"அழிச்சிடுங்க சகாயம்" என்றேன்.

"இல்ல சார்" என்றார். "எம் போன்ல இருக்கட்டும். உங்களுக்கும் ஒண்ணு அனுப்பறேன், வெச்சுக்கோங்க."

போனைத் தட்டினார். என் பையில் போன் அதிர்ந்தது.